மெரிமக் ஆறு புகட்டிய பாடம்

இன்று பல்கலைக்கழகங்களிலே சுற்றாடற் பொறியியல் என வழங்கும் துறைக்கு முன்னாளிற் சுகாதாரப் பொறியியல் என்பது பெயர். பாலமும் அணையும் கட்டக் கற்றவன் இரசாயனமும் உயிரியலுங் கற்க வேண்டியது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, அமெரிக்க நாட்டின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஓடும் மெரிமக் ஆற்றங்கரைக்கு நாம் செல்லுதல் வேண்டும்.

அங்கே முன்னாளில் நெசவாலைகள் மலிந்திருந்த இரு நகரங்கள் உள. மேலே லோவெல், சில மைல் கீழே லோரன்ஸ். லோவெல் தன் கழிவை ஆற்றில் விட்டது. லோரன்ஸ் அந்த ஆற்று நீரைக் குடித்தது. ஓடும் நீர் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்பது அக்காலத்து அறிஞர் பலரின் நம்பிக்கை.

1887ஆம் ஆண்டிலே மாநிலச் சுகாதாரச் சபை லோரன்ஸ் நகரில் ஒரு பரிசோதனை நிலையத்தை நிறுவியது. மாநிலத்தின் நீர்நிலைகளெல்லாம் ஆராயப்பட்டன. அவ்வாய்வில் முன்னின்றுழைத்தவர் எலன் சுவாலோ றிச்சட்ஸ் என்னும் அம்மையார். மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் அனுமதித்த முதற் பெண் அவரே. 1873இல் அங்கே பட்டம் பெற்றார்.

நேயர்களே, அவர் கண்டறிந்த உண்மை மிக எளியது. கடற்காற்று உப்பைச் சுமந்து வருதலால், கரையோர நீரிற் குளோரைட்டு மிகுந்தும், உள்நாடு செல்லச் செல்லக் குறைந்தும் இருக்கும். இவ்வியல்பான அளவை அவர் நிலப்படத்திற் கோடுகளாக வரைந்தார். மனிதக் கழிவிலும் உப்பு உண்டு. ஆகவே ஒரு கிணற்று நீரிலே அவ்விடத்துக்குரிய அளவினும் உப்பு மிகுந்திருப்பின், அங்கே கழிவு கலந்திருத்தல் கூடும். கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றிய நீரின் குற்றத்தை அந்தப் படம் காட்டிக்கொடுத்தது.

1889இல் அக்கழகம் சுகாதாரப் பொறியியலைத் தனிப் பாடநெறியாக்கியது. இரசாயனத்தை அம்மையாரும், உயிரியலைப் பேராசிரியர் வில்லியம் செட்ஜ்விக்கும் கற்பித்தனர்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1890-91இல் லோவெலில் நெருப்புக் காய்ச்சல் பரவியது. பின்னர் லோரன்ஸிலும் மக்கள் மாண்டனர். செட்ஜ்விக் நோயின் வழியைத் தேடினார். அது ஆற்று நீரே என்று கண்டார். ஓடும் நீர் தானே தூய்மையாகும் என்ற நம்பிக்கை ஆட்டங்கண்டது.

பரிசோதனை நிலையம் முன்பே ஒரு விடை கண்டிருந்தது. மணற் படுக்கையினூடே நீரை மெல்லச் செலுத்தினால், மணலிலே வாழும் நுண்ணுயிர்களும் மணலுங் கூடிக் கிருமிகளைப் பெரும்பாலும் ஒழித்துவிடும். 1893இல், ஹைரம் மில்ஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த திட்டப்படி, லோரன்ஸ் நகருக்கு அத்தகைய வடி அமைக்கப்பட்டது. நெருப்புக் காய்ச்சலால் நேர்ந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

மணலைப் பரப்பியவன் பொறியியலாளன். அதனுள் நிகழ்வதைக் கண்டவன் உயிரியலாளன். வெளிவந்த நீரைச் சோதித்தவன் இரசாயனன். இம்மூவர் அறிவையும் ஒரே மாணவன் பெறுதல் வேண்டும் என்பதே அப்பாடநெறியின் கருத்து. பிற்காலத்திலே காற்றும் நிலமும் அதனுட் சேர்ந்தன, பெயரும் மாறிற்று. ஆயினும் அதன் முதற் பாடம் மாறவில்லை. ஓர் ஊரார் கழித்துவிட்ட நீர் அவ்வூரெல்லையோடு முடிந்துபோவதில்லை; அடுத்த ஊரார் அதனையே முகந்து குடிக்கின்றனர்.