மேசைத்தளத்தின் அடித்தள மாற்றம்: எக்ஸ் முதல் வேலண்ட் வரை

கணினியை இயக்கியதும் சாளரங்களும் சின்னங்களுமாக நம்முன் விரியும் திரைச்சூழலை மேசைத்தளம் என்கிறோம். மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் இசைவளிப்பது திறமூல மேசைத்தளம். லினக்ஸ் கணினிகளில் வழங்கும் அத்தகைய மேசைத்தளங்களில் அண்மையில் நிகழ்ந்துள்ள மாற்றம் தோற்றத்தைப் பற்றியதன்று, அடித்தளத்தைப் பற்றியது.

அவ்வடித்தளம் 1984இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான எக்ஸ் சாளர முறைமையாகும். 'டபிள்யூ' என்னும் முந்தைய முறைமையின் வழிவந்ததால், நெடுங்கணக்கில் அடுத்த எழுத்தே அதற்குப் பெயராயிற்று. 1987இல் வெளிவந்த அதன் 11ஆம் பதிப்பின் மீதே பிற்கால மேசைத்தளங்கள் எழுந்தன. 1996இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிக் கே.டி.இ. திட்டத்தைத் தொடங்கினார். அது சார்ந்திருந்த கியூட்டி நிரலகத்தின் உரிமம் அப்போது முழுமையான கட்டற்ற உரிமமாக இல்லை. எனவே 1997இல் மெக்சிக்கோவைச் சேர்ந்த மிகெல் டி இக்காசாவும் ஃபெடரிக்கோ மேனாவும் குனோம் திட்டத்தைத் தொடங்கினர். உரிமச் சிக்கல் பின்னர் தீர்ந்தும் இரண்டு திட்டங்களும் நிலைத்தன.

எக்ஸ் முறைமையில் ஒரு குறை இருந்தது. ஒரு செயலியில் நாம் தட்டும் விசைகளை, அதே திரையில் இயங்கும் மற்றொரு செயலியும் அறிய முடிந்தது. கடவுச்சொல்லுக்கும் இதில் விலக்கில்லை. 2008இல் கிறிஸ்தியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட், ஒவ்வொரு செயலிக்கும் அதற்குரிய விசைகளை மட்டுமே அளிக்கிறது. 2016இல் ஃபெடோரா, குனோம் மேசைத்தளத்தில் வேலண்டை இயல்பிருப்பாக்கியது. 2024 பிப்ரவரியில் வந்த கே.டி.இ. பிளாஸ்மா 6 அவ்வழியைப் பின்பற்றியது. 2025 செப்டம்பரில் வந்த குனோம் 49, எக்ஸ் அமர்வை இயல்பிருப்பில் முடக்கியது. பழைய செயலிகள் எக்ஸ்வேலண்ட் என்னும் இடைப்பாலத்தின் வழி இயங்குகின்றன.

இம்மாற்றத்திற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின? கள்வனுக்குத் தாழிட்ட கதவு உதவியாளருக்கும் தாழிடப்பட்டதே காரணம். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலிகளும், விசைப்பலகைக்கும் செயலிக்கும் இடையே நின்று எழுத்தை உருவாக்கும் உள்ளீட்டு முறைகளும் புதிய வழிகளைத் தேட வேண்டியிருந்தது.

மொழி மாணவர் கருத வேண்டிய இடம் இதுவே. ஆங்கிலத்திற்குத் தட்டிய விசையே எழுத்து. உரோமன் விசைகளைத் தட்டி 'அம்மா' என்று பெறும் தமிழருக்கும், ஒலிப்பைத் தட்டிச் சொல்லைத் தெரிவுசெய்யும் சீன மொழியினருக்கும் இடையில் ஒரு முறைமை தேவை. 'கொ' என்னும் எழுத்தைத் திரையில் சரியாகக் காட்டும் பணியை பாங்கோ, ஹார்ஃப்பஸ் போன்ற நிரலகங்கள் ஏற்கெனவே ஆற்றிவந்தன. ஆனால் உள்ளீட்டிற்கு வேலண்டில் தனி நெறிமுறைகளை வகுக்க வேண்டியதாயிற்று.

அடித்தளத்தை மாற்றுவோர் எல்லா மொழிகளையும் அறிந்தவர் அல்லர். ஒரு மொழிக்குரிய தேவையை அம்மொழியினரே எடுத்துரைக்க வேண்டும். திறமூலத் திட்டங்களில் குறையை அறிவிக்க நிரலெழுதும் திறன் கட்டாயமன்று. எந்தச் செயலியில், எந்த விசையைத் தட்டியபோது, எந்த எழுத்துப் பிழைபட்டது என்று தெளிவாக எழுதினால் போதும். தமிழ் வகுப்பறையில் மாணவர் இப்பணியைப் பயிற்சியாகவே மேற்கொள்ளலாம்.