‘வணக்கம், ஐயா’: வவுனியாக் கந்தோர் ஒன்றின் லொகின் ஸ்கிரிப்ட் பற்றி

காலையில் ஊழியர் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டியதும் பொதுக் கோப்புறையையும் அச்சியந்திரத்தையும் இணைத்துவிடும் சின்னக் கட்டளைக் கோப்பே லொகின் ஸ்கிரிப்ட். அதை எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியின் வரலாற்றை ஒரு படிக்கட்டாகச் சொல்வது வழக்கம்: நொவெல் நெற்வெயரின் சொந்த ஸ்கிரிப்ட், டொஸ் பற்ச் கோப்பு, கிக்ஸ்ரார்ட், விபிஸ்கிரிப்ட், பவர்ஷெல். இந்தப் படிக்கட்டுக்கு அளவுகோல் தந்தவர் அப்போது மைக்ரோசொப்டில் இருந்த ஜெஃப்ரி ஸ்னோவர். 2002 ஓகஸ்டில் அவர் எழுதிய ‘மொனாட் அறிக்கை’தான் 2006இல் பவர்ஷெல்லாக வெளிவந்தது.

ஸ்னோவரின் வாதம் வலுவானது. பழைய ஷெல்கள் ஒரு நிரலின் விடையை வெறும் எழுத்துச் சரமாக அடுத்த நிரலுக்குக் கொடுக்கின்றன. வாங்கும் நிரல் அதை வெட்டி, ஒட்டி, சரியாக வந்திருக்கவேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்ள வேண்டியதுதான். சரத்துக்குப் பதிலாகப் பொருளையே கைமாற்றினால் இந்த வேண்டுதல் தேவையில்லை. சேவையகங்களைப் பராமரிப்பவருக்கு இது முழு உண்மை. நூறு சேவையகங்களின் நிலையை ஒரே வரியில் கேட்டு வாங்கியவர் எவரும் மறுக்கமாட்டார். என் மறுப்பு வேறிடத்தில். இந்த அளவுகோலை லொகின் ஸ்கிரிப்ட்டுக்கும் நீட்டி, ஒவ்வொரு மாற்றத்தையும் ‘வலுக்குறைந்த மொழியிலிருந்து வலுக்கூடிய மொழிக்கு’ என்று வாசிக்கும்போது, ஸ்கிரிப்ட் ஓடுகின்ற இடம் மறைந்துபோகிறது. அது ஓடுவது நிர்வாகியின் கணினியில் அன்று. கந்தோரிலேயே மிகப் பழைய கணினியில். மின்தடைக்குப் பின் கரண்ட் வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும் அந்த நிமிடத்தில். பழைய வன்தட்டில் பவர்ஷெல் கண்விழிக்கும் முன்னரே பற்ச் கோப்பு வேலையை முடித்துவிடும். மேலும் ஊழியர் கணினிகளில் விண்டோஸ் பவர்ஷெல்லின் இயல்பிருப்பு ஸ்கிரிப்ட்டை ஓடவிடாமல் தடுப்பதுதான். குழுக்கொள்கை வழியாகப் பவர்ஷெல் ஸ்கிரிப்ட்டை லொகினுக்கு நேரடியாகப் பூட்டும் வசதி விண்டோஸ் 7, சேர்வர் 2008 ஆர்2 வந்த 2009இல்தான் கிடைத்தது. வன்னியில் போர் முடிந்த அந்த ஆண்டை நினைப்பவர்களுக்கு நினைக்க வேறு இருக்கிறது.

வேகமும் தடையும் மட்டுமல்ல. நான் அதிகம் அழுத்திச் சொல்லவிருப்பது எழுத்தைப் பற்றி. அதற்கு ஆதாரம் வவுனியாவில் ஒரு கந்தோரின் பழைய சேவையகத்தில் கண்ட ஒரேயொரு வரி.

ஊழியர் ஒவ்வொருவரின் சொந்தக் கோப்புறையிலும் நீட்டிப்பில்லாத ஒரு சிறு கோப்பு கிடந்தது. பெயர் மூன்று ஆங்கில எழுத்துகள்: ஐ, ஏ, எச். அளவு 9 பைட். உள்ளே ரி, இசட், எவ், அரைப்புள்ளி, எவ், கே, அரைப்புள்ளி. வைரஸ் என்று அஞ்சி அழித்தாலும் மறுநாள் காலை திரும்ப வந்துவிடும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவருக்கு இது உடனே விளங்கும்: உள்ளே இருப்பது ‘வணக்கம்’, கோப்பின் பெயர் ‘ஐயா’.

நடந்தது இதுதான். பற்ச் கோப்பில், திரையில் எழுதிக்காட்டும் எக்கோ கட்டளைக்குப் பின் ஒருவர் பாமினியில் ‘வணக்கம், ஐயா’ என்று எழுதியிருக்கிறார். பாமினியில் காற்புள்ளி இருப்பது வலப்பக்க அம்புக்குறி (>) விசையில். ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் ‘இ’ இருக்கிறது. கட்டளைச் சாளரத்துக்கோ அந்த அம்புக்குறி, ‘இதைக் கோப்பில் எழுது’ என்ற உத்தரவு. ஆகவே வணக்கம் திரையில் தோன்றாமல், ‘ஐயா’ என்ற கோப்புக்குள் போய் விழுந்திருக்கிறது. அந்த வரியைப் பாமினி எழுத்துருவில் திறந்தால் வணக்கம் தெளிவாக வாசிக்கும். எக்கோ என்ற கட்டளை ‘நஉாழ’ என்று சிதையும். ஆங்கில எழுத்துருவில் திறந்தால் கட்டளை நேராகும், வணக்கம் சிதையும். இரண்டையும் ஒருங்கே வாசிக்க எந்த எழுத்துருவாலும் இயலாது.

இதில் இரண்டு கைகள் உண்டு என்பது என் துணிபு. இணைப்பு வரிகளை எழுதியவர் அம்புக்குறியின் பொருள் அறிந்தவர். இன்னோரிடத்தில் பிழைச் செய்திகளை மறைக்க அதையே சரியாகப் பயன்படுத்துகிறார். வணக்க வரி, நாள்முழுதும் பாமினியில் கடிதம் அடித்த ஒருவரின் கை. இதற்கு வேறு சான்று இல்லைத்தான். ஆனாலும் விரல் பழக்கம் இலேசில் பொய் சொல்லாது.

பக்கத்திலேயே ஒரு விபிஸ்கிரிப்ட் கோப்பும் இருந்தது. வரிகள் இரண்டே. முதல் வரி செய்திப் பெட்டியில் ‘வணக்கம், ஐயா’ என்று யூனிகோட்டில் காட்டுகிறது. அடுத்தது அதே பழைய பற்ச் கோப்பை அழைக்கிறது. கோப்புறை இணைக்கவோ, குழு உறுப்புரிமை பார்க்கவோ விபிஸ்கிரிப்ட்டின் வலு எதுவும் தொடப்படவில்லை. கறுப்புச் சாளரத்தை மறைக்கவே பலரும் இப்படி உறை போடுவார்கள் என்ற மறுப்பு எழலாம். மறைப்பதற்கு அழைப்பின் பின்னால் ஒரு பூச்சியம் இடவேண்டும். இங்கே அது இல்லை, சாளரம் தெரியவே தெரியும். ஆகவே இந்த மொழி தெரிவுசெய்யப்பட்டது ஒரு வணக்கத்துக்காக. கட்டளைச் சாளரம் தமிழை ஒழுங்காகக் காட்டாது. செய்திப் பெட்டி காட்டும். ஸ்னோவரின் படிக்கட்டில் இப்படியொரு படிக்கு இடமே இல்லை.

பவர்ஷெல்லுக்கு மாறுவோருக்கும் இதே சிக்கல் காத்திருக்கிறது. விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பு, தொடக்கக் குறியில்லாத யூரிஎஃப்-8 கோப்பைப் பழைய ஒற்றை பைட் குறியீடாக வாசித்து வணக்கத்தை மறுபடியும் சிதைக்கும். 7ஆம் பதிப்பு சரியாக வாசிக்கிறது. ஆனால் அதைத் தனியே நிறுவவேண்டும். விபிஸ்கிரிப்ட்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசொப்ட் 2023 ஒக்ரோபரில் அறிவித்தும் விட்டது.

காலத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் 1998இல் வந்தது. தமிழ் யூனிகோட் விண்டோஸ் 2000இலிருந்து உண்டு. இலங்கையின் தமிழ்க் குறியீட்டுத் தரமான எஸ்எல்எஸ் 1326 வந்தது 2008இல். விபிஸ்கிரிப்ட் கோப்பை அதற்குப் பின் வைக்கத் தோன்றுகிறது, ஆனால் கட்டாயமில்லை. ‘ஐயா’ கோப்புகள் ஒவ்வொரு லொகினிலும் மேலெழுதப்பட்டதால், அவற்றின் தேதி அந்த ஊழியர் கடைசியாக வந்த நாளை மட்டுமே காட்டும்.

ஒரேயொரு கோப்புறையில் மாத்திரம் அந்தக் கோப்பு 10 பைட். காற்புள்ளிக்கு முன் ஓர் இடைவெளி இருந்த முந்திய பாடம் அது. வரி திருத்தப்படும் முன்னரே அந்த ஊழியர் போய்விட்டார். காலத்தை நெருக்கிப் பிடிக்க இருக்கும் ஒரே பிடி இதுதான். ஆனால் அதன் தேதி ஒரு ஜனவரி 1, நள்ளிரவு கழிந்து சில நிமிடங்கள்: மின்கலம் தீர்ந்த தாய்ப்பலகை, கரண்ட் போய் வந்தபின் காட்டும் நேரம். கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் என்ற சரிபார்ப்பு முறை லொகினை மறுத்திருக்கவேண்டும். அதற்கு முந்திய முறையான என்ரிஎல்எம் வழியாக அவர் உள்ளே வந்திருக்கலாம் என்றே இப்போதைக்கு எண்ணுகிறேன்.