கபெல் கெலின்

கபெல் கெலின் என்பது வடக்கு வேல்ஸில், பாலா என்னும் சந்தை நகருக்கு வடமேற்கே, ட்ரவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்து, லிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக 1965-ஆம் ஆண்டில் ஏரிக்குள் மூழ்கடிக்கப்பட்ட சிற்றூர் ஆகும். ஒரு தேவாலயம், அதை ஒட்டிய இடுகாடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபாலாபீஸ், 12 வீடுகள், சுற்றிலும் ஆடு மாடு வளர்க்கும் பண்ணைகள் ஆகியவையே அவ்வூர். பள்ளத்தாக்கில் வசித்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தனர். அழிவினாலேயே இவ்வூர் சரித்திரத்தில் இடம் பெற்றது என்பது மெய்யே ஆயினும், அது வாழ்ந்த விதத்தை முதலில் சொல்வதே முறையாகும்.

பதினேழாம் நூற்றாண்டில், அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே வழிபட்டோர் சிறையும் அபராதமும் அனுபவித்த காலத்தில், இப்பகுதியில் குவேக்கர் என்னும் சமயத்தார் வேரூன்றியிருந்தனர். ஹாவோட் வாடோக் என்ற பண்ணையில் அவர்களுடைய இடுகாடு ஒன்று இருந்தது. கொடுமை தாளாமல், 1682 முதற்கொண்டு பாலாச் சுற்று வட்டாரத்திலிருந்து பலர் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பென்சில்வேனியாவில் குடியேறினர். பின்னர் மெதடிஸ்டு சமய எழுச்சி இப்பிரதேசம் முழுவதும் பரவியபோது, 1820-இல் இங்கே எழுப்பப்பட்ட ஆலயமே ஊரின் ஜீவநாடியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சிறுவர்களோடு முதியோர்களும் அமர்ந்து வேத புத்தகத்தை வேல்ஸ் மொழியில் வாசித்து வியாக்கியானம் செய்வது வேல்ஸ் நாட்டு ஆலயங்களின் வழக்கம். உயர்கல்வி எட்டாத குடியானவர்களுக்குச் செய்யுளிலும் தர்க்கத்திலும் பயிற்சி அளித்த பாடசாலை அதுவே.

கபெல் கெலின் மக்கள் வீட்டிலும் வயலிலும் ஆலயத்திலும் வேல்ஸ் மொழி ஒன்றையே பேசினர். இவ்வட்டாரம் யாழிசைக்குப் பெயர் பெற்றது. யாழோடு செய்யுள் பாடும் இக்கலையில், யாழ் ஒரு மெட்டைத் தனியே வாசித்துச் செல்ல, பாடகர் சற்றுப் பின்னால் நுழைந்து, அதற்கு இயைந்த வேறொரு மெட்டில் செய்யுளைப் பாடி, இரண்டும் ஒரே இடத்தில் வந்து முடியும்படி நிறுத்துவார். செய்யுளின் சீரும் யாழின் தாளமும் ஒன்றையொன்று தடுக்காமல் செல்ல வேண்டும் என்பதால், கவிதையும் சங்கீதமும் ஒருங்கே கைவந்தவர்க்கே இது சித்திக்கும். நாட்டுப் பாடல்களால் வேல்ஸ் முழுவதும் புகழ் பெற்ற பாப் ராபர்ட்ஸ் (1870-1951) அடுத்துள்ள வ்ரொங்கோக் பகுதியில் வாழ்ந்த குடியானவரே.

லிவர்பூல் நகரசபை வேல்ஸ் நாட்டுத் தண்ணீரை நாடியது இது முதல் தடவையன்று. 1880-களிலேயே லான்வுதின் என்ற கிராமத்தை மூழ்கடித்து வெர்னுவி ஏரியை அமைத்திருந்தது. 1955-இல் ட்ரவெரின் பள்ளத்தாக்கின்மீது அதன் கண் விழுந்தது. உள்ளூர் ஸ்தாபனங்களிடம் அனுமதி கோராமல், நேரே லண்டன் பார்லிமெண்டில் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்து நிறைவேற்றிக்கொள்வது என்ற மார்க்கத்தை நகரசபை மேற்கொண்டது. சட்டமே பிறந்துவிட்டால் மாவட்ட சபையின் ஆட்சேபத்துக்கு இடமில்லை அல்லவா? 1956 நவம்பரில் ஊரார் பெண்களும் குழந்தைகளுமாகத் திரண்டு, எங்கள் வீடுகளை மூழ்கடிக்காதீர்கள் என்று எழுதிய பதாகைகளோடு லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் சென்றனர். மறு ஆண்டு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது, வேல்ஸின் 36 அங்கத்தினர்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. இருந்தும் அது நிறைவேறி, 1957 ஆகஸ்டில் சட்டமாயிற்று. தண்ணீர் வேண்டிய நகரத்தின் தேவை உண்மையானதே. ஆனால் ஒரு தேசத்தின் பிரதிநிதிகள் ஏறக்குறைய ஒரே குரலில் மறுத்தும் அம்மறுப்புக்குச் சட்டத்தில் ஓர் அணுவளவும் பலமில்லை என்பதே வேல்ஸ் மக்களின் நெஞ்சைச் சுட்டது.

பள்ளத்தாக்கின் ஊடே சென்ற ரயில் பாதையில் 1960-இல் பிரயாணிகள் வண்டி நின்றது. 1963-இல் பள்ளிக்கூடமும் ஆலயமும் மூடப்பட்டன. அவ்வாண்டு பிப்ரவரியில் அணைக்கட்டு வேலையிடத்து மின்மாற்றி ஒன்றை இளைஞர் சிலர் வெடிவைத்துத் தகர்த்தனர்; அவர்களுள் சிலர் சிறைத் தண்டனை பெற்றனர். இடுகாட்டில் உறங்கியவர்களுள் சிலரை உறவினர் வேண்டியபடி வேறிடம் கொண்டு சென்றனர்; எஞ்சிய கல்லறைகள் கான்கிரீட்டால் மூடப்பட்டன. பெயர் பொறித்த கற்கள் பல, இப்போது கரையில் உள்ள நினைவிடத்தில் இருக்கின்றன. 1965 அக்டோபர் 21 அன்று நடந்த திறப்பு விழா, திரண்டு வந்த எதிர்ப்பாளர்களின் கூச்சலாலும் ஒலிபெருக்கிக் கம்பிகள் அறுக்கப்பட்டதாலும் சில நிமிஷங்களிலேயே முடிந்துபோயிற்று. கெலின் ஏரி எனப்படும் இந்நீர்த்தேக்கம், கோடையில் டீ நதிக்கு நீர்விட்டு, கீழே அந்நதியிலிருந்து குடிநீர் எடுக்க உதவுகிறது.

1966 ஜூலையில் நடந்த கார்மார்த்தன் இடைத்தேர்தலில், கிராமத்துக்காக வாதாடிய க்வின்வோர் எவான்ஸ், பிளைட் கம்ரி என்னும் வேல்ஸ் தேசியக் கட்சியின் முதல் பார்லிமெண்டு அங்கத்தினராக வெற்றி பெற்றார். அந்த வெற்றிக்கு ட்ரவெரின் மட்டுமே காரணம் என்பதற்கில்லை, எனினும் அதன் நிழல் அதில் படிந்திருந்தது. 2005-இல் லிவர்பூல் நகரசபை பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. வீடிழந்தவர்களுள் சிலர் அதை ஏற்றனர், காலங்கடந்த மன்னிப்பு என்று சிலர் ஏற்கவில்லை. லான்ரிஸ்டட் அருகே நெடுஞ்சாலையோரக் குட்டிச்சுவர் ஒன்றில், ட்ரவெரினை நினைவில் வையுங்கள் என்று 1960-களில் மெய்க் ஸ்டீவன்ஸ் எழுதிய சுண்ண எழுத்துகள் பல முறை அழிக்கப்பட்டு, அவ்வப்போது மீண்டும் எழுதப்பட்டன. 2019-இல் அச்சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது தொண்டர்கள் கற்களை அடுக்கி மறுபடி கட்டினர், அதே வாசகம் வேல்ஸெங்கும் வேறு பல சுவர்களிலும் தோன்றலாயிற்று.