உப்பு குறைவு

சிட்னிக்கு மேற்கே நாங்கள் வாங்கிய வீட்டோடு ஒரு நீச்சல் குளமும் சேர்ந்து வந்தது. ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. ஐம்பதாயிரம் லிட்டர். அதிலிருந்த உப்புநீர் குளோரின் கருவி ஏற்கெனவே செத்துக் கிடந்தது. இணையத்தில் தேடி, இருப்பதிலேயே விலை குறைந்ததாக ஒன்றை வாங்கி மாட்டினேன். பெயர் தெரிந்த கம்பெனிகள் கேட்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். முதல் கோடை முழுக்கத் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அந்த விலையைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

இரண்டாவது கோடையில், ஜனவரி வெயில் உச்சத்தில், கருவியின் சின்னத் திரை ‘உப்பு குறைவு’ என்றது. இருபது கிலோ மூட்டை ஒன்றைக் கொட்டினேன். மறுபடி ‘உப்பு குறைவு’. இரண்டு வாரத்தில் ஐந்து மூட்டை போயிருக்கும். தண்ணி இளம்பச்சையாக ஆரம்பித்து, கீரை மசியல் நிறத்துக்கு வந்தபோது ஒரு பாட்டிலில் பிடித்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். லிட்டருக்கு 4 கிராம் இருக்க வேண்டிய உப்பு 6 கிராம் இருந்தது. “உப்பெல்லாம் நிறைய இருக்கு. உங்க செல்தான் முடிஞ்சுபோச்சு” என்றார்.

கருவிக்குள் உப்பை அளக்கத் தனியாக ஒன்றும் கிடையாது. தகடுகளுக்கு இடையில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்க்கிறது. குறைவாகப் பாய்ந்தால் உப்பு குறைவு என்று முடிவுகட்டுகிறது. தகடே கெட்டுப்போனாலும் மின்சாரம் குறையும். இரண்டு நோய்க்கும் ஒரே செய்தி. பத்துப் பன்னிரண்டு வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன் நான். இந்த மாதிரி பிழைச் செய்திகளை நானும் எழுதியிருக்கிறேன். தப்பு தன் பக்கம் இருக்கலாம் என்று எந்த நிரலும் தானாக நினைப்பதில்லை.

உப்பைக் குறைக்க ஒரே வழி, தண்ணியை இறக்கிவிட்டு வேறு தண்ணி நிரப்புவது. மூன்றில் ஒரு பங்கு. கிட்டத்தட்ட பதினேழாயிரம் லிட்டர் கழிவுநீர்க் குழாயில் போய்க்கொண்டிருந்த அந்த மத்தியானம் எனக்குச் சென்னை ஞாபகம்தான். ஒன்பதாயிரம் லிட்டர் லாரி இரண்டு. அந்த லாரிக்காகத் தெரு முனையில் குடத்தோடு நின்றிருக்கிறேன்.

செத்த செல்லைக் கழற்றிப் பார்த்தேன். பிளாஸ்டிக் குழாய்க்குள் வரிசையாகக் கருத்த தகடுகள். துரு இல்லை, ஓட்டை இல்லை, தேய்ந்த மாதிரியும் இல்லை. புதுசுக்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தேய்ந்திருந்தது தகட்டின் மேல் இருந்த பூச்சு. அதன் கனம் சில மைக்ரான்கள். அந்தச் சில மைக்ரான்களுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது என்பது பிறகு படிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

உப்புத் தண்ணியில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரின் வரும் என்பது ரொம்பப் பழைய சங்கதி. 1774இல் ஷீலே குளோரினைத் தனியே பிரித்திருந்தார். 1800இல் வோல்டா தன் மின்கல அடுக்கை அறிவித்த அதே வருஷம், லண்டனுக்குப் பக்கத்தில் வுல்விச்சில் இருந்த வேதியியலாளர் வில்லியம் குருக்‌ஷாங்க் உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி, ஒரு முனையில் குளோரின் வருவதைப் பார்த்துவிட்டார். நம் பள்ளிக்கூடச் சோதனைச்சாலையில் செய்ததுதான். நேர்மின்வாயில் குளோரின், எதிர்மின்வாயில் ஹைட்ரஜன், மிச்சம் காஸ்டிக் சோடா. குளோரினையும் சோடாவையும் பிரிக்காமல் கலக்கவிட்டால் ஹைப்போகுளோரைட். குளத்துக்குப் போவது அதுதான். கிருமியைக் கொன்றபின் அது பெரும்பாலும் மறுபடி உப்பாகவே மாறிவிடுவதால், போட்ட உப்பு குளத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். “உப்புக் குளம், குளோரினே இல்லை” என்று விற்கிறவர்கள் சொல்வது பச்சைப் பொய். குளத்தின் ஓரத்திலேயே ஒரு குட்டி குளோரின் ஆலை ஓடுகிறது.

1800லேயே விஷயம் தெரியும் என்றால், வீட்டுக் கொல்லைக்கு வர ஏன் 170 வருஷம் ஆனது? மின்சாரம் கிடைக்காதது ஒரு பாதிதான். டைனமோ வந்தபிறகு ஆட்கள் முயன்று பார்க்கத்தான் செய்தார்கள். 1893இல் நியூயார்க் நகரத்தின் குடிநீர் வரும் பகுதியில் இருந்த பிரூஸ்டர் என்ற ஊரில், ஆல்பர்ட் வூல்ஃப் என்பவர் உப்புநீரை மின்னாற்பகுத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்தார். இங்கிலாந்தின் கடலோர ஊரான வொர்திங்கில் அதே 1893இல் டைஃபாய்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த வருஷமே அங்கே பிரெஞ்சுக்காரர் யூஜீன் எர்மித்தின் கருவியைச் சோதித்தார்கள். கடல் தண்ணியை அப்படியே எடுத்து, மின்சாரம் பாய்ச்சி, கழிவில் கலப்பது அவர் முறை. நேர்மின்வாய்க்கு அவர் பிளாட்டினம் வைத்தார், எதிர்மின்வாய்க்குத் துத்தநாகம். பிளாட்டினத்தை விட்டால் வேறு வழி இல்லை. பிறக்கும் குளோரின் தன்னைப் பெற்ற தகட்டையே முதலில் தின்னும். இரும்பு, செம்பு எல்லாம் நாள்கணக்கில் கரைந்துவிடும்.

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் பாப்லர். கிழக்கு லண்டனில் துறைமுகத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைப் பகுதி. (1921இல் ஏழைகள் மேல் ஏற்றப்பட்ட வரிச்சுமையை எதிர்த்து, நகராட்சி உறுப்பினர்களே சிறைக்குப் போன அதே பாப்லர்.) அங்கே சுகாதார அதிகாரியாக இருந்த அலெக்ஸாண்டர் என்ற மருத்துவர், கார்பாலிக் மாதிரியான கிருமிநாசினிகளை விலைகொடுத்து வாங்குவதற்குப் பதில் நாமே தயாரிக்கலாமே என்று நகராட்சியைச் சம்மதிக்க வைத்தார். 1906 வாக்கில் நகராட்சிக் கட்டிடத்திலேயே எர்மித் வகைக் கருவி ஓடத் தொடங்கியது. உப்பும் மக்னீசியம் குளோரைடும் கரைத்த தண்ணி, மின்சாரம், அவ்வளவுதான் சரக்கு. வந்த திரவத்தை பாட்டில்களில் அடைத்து, கேட்டு வந்த குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் நம் ஊர் நகராட்சி ஆட்கள் தெருவோரம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போவார்களே, அதற்கு ஒரு படி மேலே, பவுடரையே நகராட்சி தயாரிக்கிற மாதிரி.

மருத்துவத்திலும் இது உடனே பயன்பட்டது. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ரே போர்முனையில் ஜெர்மனி சிலிண்டர் சிலிண்டராகக் குளோரினைத் திறந்துவிட்டது. அதே வருஷம், தார்தனெல்ஸ் போர்முனைக்குப் போய்வந்த அக்விடேனியா என்ற மருத்துவமனைக் கப்பலில், ஹென்றி டாக்கின் என்ற வேதியியலாளர் கடல் தண்ணியிலிருந்தே மின்சாரத்தால் ஹைப்போகுளோரைட் தயாரித்துக் கப்பலைச் சுத்தமாக வைத்திருந்தார். கப்பலைச் சுற்றித் தண்ணியும் உப்பும் இலவசம். ஒரே வாயு, ஒரே வருஷம்.

ஆனால் ஜெயித்தது சிலிண்டர்தான். 1908இல் ஜெர்சி சிட்டி தன் குடிநீரில் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கியபோது பயன்படுத்தியது பிளீச்சிங் பவுடரை. அடுத்த சில வருஷங்களில் திரவமாக்கிய குளோரின் உருளைகளில் வந்தது. எங்கோ ஒரு பெரிய ஆலை செய்யும், ரயில் கொண்டுவரும். ஒவ்வொரு நகராட்சியும் பிளாட்டினம் வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டியதில்லை. பாப்லர் மாதிரி யோசனைகள் மங்கிப்போனதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று எனக்குப் படுகிறது.

நீச்சல் குளங்களும் அந்த வழியில்தான் போயின. குளோரினுக்கு முந்தைய பொதுக் குளங்களைப் பற்றிப் படித்தால் குமட்டும். வாரத்துக்கு ஒருமுறை நிரப்புவார்கள், வாரம் முழுக்க ஊரே குளிக்கும், கடைசியில் திறந்துவிடுவார்கள். இங்கிலாந்தில் பல குளங்களில் தண்ணி மாற்றிய அன்றைக்கு டிக்கெட் விலை அதிகம், அழுக்கு சேரச் சேரக் குறையும். கடைசி நாளில் யார் குளித்திருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. 1910-11 வாக்கில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகக் குளத்தில் ஹைப்போகுளோரைட் போட்டு, ஒரே தண்ணியை நீண்ட நாள் வைத்திருக்க முடியும் என்று காட்டினார்கள். அதன்பிறகு பவுடர், திரவம், மாத்திரை என்று எல்லாமே கடையில் வாங்கி ஊற்றுவதாகவே இருந்தது.

அந்தக் காலமெல்லாம் பெரிய ஆலைகளில் நேர்மின்வாயாக இருந்தது கிராஃபைட், பென்சிலில் இருக்கும் அதே கரி. பிளாட்டினத்தோடு ஒப்பிட்டால் சல்லிசு. ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து கரியமில வாயுவாகப் போகும். கட்டை தேயத் தேய இரண்டு முனைகளுக்கும் நடுவில் இடைவெளி கூடும், மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், ஆள் நின்று கட்டையை இறக்கிச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். ஆலைக்கு இது கட்டுப்படியாகும். வீட்டுக்காரன் எவன் செய்வான்?

முடிச்சை அவிழ்த்தவர் ஹென்றி பேர் என்ற டச்சுக்காரர். டைட்டேனியத்துக்கு ஒரு குணம் உண்டு. அதை நேர்மின்வாயாக வைத்தால் தன் மேலேயே ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்வாய்க்கு உதவாத உலோகம் என்று பிறர் ஒதுக்கிய அந்தக் குணத்தை அவர் காவலாகப் பார்த்தார். 1950களின் பிற்பகுதியில் டைட்டேனியத்தின் மேல் மெல்லிய பிளாட்டினம் பூசிப் பார்த்தார். பூச்சில் ஓட்டை விழுந்தாலும் அந்த இடத்தில் டைட்டேனியம் தானே மூடிக்கொள்ளும், கரையாது. 1965இல் அதைவிடப் பெரிய படி. பிளாட்டினத்தை விட்டுவிட்டு, ருத்தேனியம் ஆக்சைடையும் டைட்டேனியம் ஆக்சைடையும் கலந்து சுட்ட பூச்சு. இரண்டும் ஒரே படிக அமைப்பில் இருக்கக்கூடியவை என்பதால் ஒன்றோடொன்று கலந்து அடித்தளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. மின்சாரமும் பாய்கிறது, குளோரினும் எளிதில் பிறக்கிறது. இத்தாலியின் டெ நோரா குழுமம் இதை ஆலைகளுக்குக் கொண்டுபோனது. தேய்ந்து வடிவம் மாறாத மின்வாய் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். சில வருஷங்களில் உலகம் முழுக்கக் கிராஃபைட் வெளியேறத் தொடங்கியது.

நம் பக்கம் இதில் காரைக்குடிக்கு ஒரு பங்கு உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இந்தியக் காஸ்டிக் சோடா ஆலைகளுக்காக இதே வகை டைட்டேனிய மின்வாய்களைச் சொந்தமாக உருவாக்கியது. நான் படித்த பொறியியலில் இந்தப் பூச்சைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. காரைக்குடி வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளைத்தான் வேடிக்கை பார்த்தேன்.

தகடு கிடைத்ததும் மீதி சுலபம். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் மின்னணுப் பாகங்களும் மலிந்துவிட்டன. 1970களில் தொடங்கி, கொல்லைக் குளங்களும் வெயிலும் அதிகமாக இருந்த ஆஸ்திரேலியாவில் உப்புநீர்க் கருவி வேகமாகப் பரவியது.

இனி என் மலிவுக் கருவிக்கு வருகிறேன். அட்டைப்பெட்டியில் ‘மணிக்கு 20 கிராம்’ என்று போட்டிருந்தது. அது பொய் இல்லை. ஃபாரடே விதிப்படி ஒரு ஜோடித் தகட்டில் ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் அதிகபட்சம் 1.32 கிராம் குளோரின் வரும். அதை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் 20 கிராமுக்குப் போக இரண்டு வழி இருக்கிறது. பெரிய தகடுகளை வைத்து மெதுவாக ஓட்டலாம். சின்னத் தகடுகளை வைத்து, அதே மின்சாரத்தைக் கொஞ்சம் இடத்தில் திணித்து விரட்டலாம். இரண்டாவதில் செலவு மிச்சம், பூச்சு சீக்கிரம் போகும். பூச்சையே மெல்லியதாகப் போட்டால் இன்னும் மிச்சம். இதற்கு மேல், எதிர்மின்வாயில் படியும் சுண்ணாம்பை உதிர்க்க, கருவி சில மணி நேரத்துக்கு ஒருமுறை மின்திசையை மாற்றும். ஒவ்வொரு மாற்றமும் பூச்சைச் சுரண்டும். எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது என்பது ஒரு வரி நிரல்தான். அடிக்கடி மாற்றினால் வாங்கியவன் கண்ணுக்குத் தகடு பளிச்சென்று இருக்கும்.

ருத்தேனியம் தீர்ந்ததும் டைட்டேனியம் தன் பழைய குணத்தைக் காட்டுகிறது. போர்த்திக்கொண்டு கதவைச் சாத்திவிடும். மின்சாரம் குறையும். திரை ‘உப்பு குறைவு’ என்கிறது.

மலிவுக் கருவியே வாங்கக்கூடாது என்று சொல்லமாட்டேன். நானே மறுபடியும் நடுத்தர விலையில்தான் வாங்கினேன். ஆனால் இந்தமுறை என் குளத்துக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்குக்கு மதிப்பிட்ட செல். அதைப் பாதி வேகத்தில் ஓட்டுகிறேன். வெயில் குளோரினைத் தின்னாமல் இருக்க சயனூரிக் அமிலம் அளவாகப் போடுகிறேன். அது இல்லாவிட்டால் கோடை வெயிலில் பாதிக் குளோரின் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும், செல் வெட்டியாக உழைக்கும். வாங்கும் முன் கடைக்காரரிடம், தகட்டின் பரப்பு எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு உத்தரவாதம் என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீலக் கலர்ல விளக்கு எரியும் சார், ராத்திரில அழகா இருக்கும்” என்றார்.

ஜூலையில், குளிர் நடுக்கும் ஒரு காலையில், புதுக் கருவியும் ‘உப்பு குறைவு’ என்றது. கை தானாக மூட்டைப் பக்கம் போனது. நிறுத்திக்கொண்டு சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தேன். 4 கிராம். தண்ணி பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கியிருந்தது. குளிர்ந்த தண்ணியில் மின்சாரம் குறைவாகத்தான் பாயும். கருவியை அணைத்துவிட்டு, செப்டம்பர் வரட்டும் என்று உள்ளே வந்துவிட்டேன்.