மாமாவின் சர்டிஃபிகேட்டும் ஜார்ஜ் எல்ட்ரிஜின் கடிதமும்

இன்னைக்கு எபிசோட் அமெரிக்க வரலாறு. ஆனா தொடங்குறது எங்க வீட்டுல இருந்து.

என் சின்ன மாமாவுக்கு ஒரு சாலை விபத்தில் முழங்கால் நொறுங்கிப் போச்சு. மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட்டுக்குப் போனார். 35 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நம்ம ஊர்ல பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேணும். மாமா அந்தக் காகிதத்தை மடிச்சு பீரோவுல வெச்சுட்டார். "டாக்டரே எழுதிட்டாரு, இனி யார்கிட்ட போய் நிக்கிறது"ன்னு சொன்னார். அதோட விஷயம் முடிஞ்சது.

அந்த வார்த்தை எனக்குள்ள ரொம்ப நாள் இருந்தது. அப்புறம்தான் ஜார்ஜ் எல்ட்ரிஜ் பற்றிப் படிச்சேன்.

முதல்ல கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டியில் உடல் இயலாமைக்கான காப்பீடு 1956-ல் வந்தது. அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டார். இது இனாம் கிடையாது. வேலை பார்க்கும்போது சம்பளத்தில் இருந்து பிடித்த பணம். உடம்பு முடியாமல் போனால் மாதாமாதம் திரும்பி வரும்.

வர்ஜீனியா மாநிலத்தில் இருந்த எல்ட்ரிஜுக்கு 1968 ஜூனில் இந்தத் தொகை கிடைக்க ஆரம்பித்தது. 1972 மார்ச்சில் ஒரு படிவம் வந்தது: இப்போ உடம்பு எப்படி இருக்கு? "எந்த முன்னேற்றமும் இல்லை" என்று எழுதி, தன்னைப் பார்த்த டாக்டர்களின் பெயரையும் கொடுத்தார். அதிகாரிகள் ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்கள் இயலாமை முடிந்துவிட்டது" என்று கடிதம் போட்டார்கள். அவர் பதில் எழுதினார். எனக்கு இருப்பது முதுகுப் பிடிப்பு இல்லை, முதுகெலும்பில் ஆர்த்ரைட்டிஸ்; தேவையான ஆதாரம் எல்லாம் ஏற்கெனவே உங்ககிட்டயே இருக்கு என்பதுதான் அதன் சாரம். முடிவு மாறவில்லை. பணம் நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது, முடிவெடுத்த யாரும் அவரை நேரில் உட்காரவைத்துக் கேட்கவில்லை. எல்லாமே காகிதத்தில் நடந்தது. நேரில் பேச வேண்டுமென்றால் முதலில் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் தோற்றால் நிர்வாகச் சட்ட நீதிபதி முன்னால் விசாரணை. அந்த விசாரணை முடிந்து முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் கையில் காசு இல்லை.

எல்ட்ரிஜ் மறுபரிசீலனை கேட்கவில்லை. நேராக நீதிமன்றம் போனார். "பணத்தை நிறுத்துறதுக்கு முன்னாடி என்னைக் கேளுங்க, நிறுத்திட்டுக் கேக்காதீங்க." இதுதான் அவர் வாதம். இதற்கு ஒரு முன்னுதாரணமும் இருந்தது. 1970-ல் கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில், ஏழைகளுக்கான நிதி உதவியை நிறுத்தும் முன் நேரடி விசாரணை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. எல்ட்ரிஜ் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்.

1976 பிப்ரவரி 24. உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 6-க்கு 2.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பவல். மூன்று விஷயங்களை எடை போட வேண்டும் என்றார். ஒன்று, அந்த மனிதருக்கு என்ன இழப்பு. இரண்டு, இப்போதைய முறையில் தப்பு நடக்க எவ்வளவு வாய்ப்பு, கூடுதல் பாதுகாப்பு வைத்தால் அது எவ்வளவு குறையும். மூன்று, அரசுக்கு என்ன செலவு, என்ன சுமை. இந்தத் தொகை ஏழ்மையைப் பார்த்துக் கொடுப்பது இல்லை, அதனால் நிறுத்தினாலும் சமாளிக்க வேறு வழி இருக்கலாம் என்று தீர்ப்பு சொன்னது. முடிவு மருத்துவ ரிப்போர்ட்டை வைத்து எடுப்பது, அதனால் நேரில் பார்ப்பது அவ்வளவு அவசியமில்லை என்றும் சொன்னது.

நீதிபதி பிரென்னன் மாறுபட்டு எழுதினார். நீதிபதி மார்ஷல் அவரோடு சேர்ந்துகொண்டார். பணம் நின்ற பிறகு எல்ட்ரிஜின் வீடு கடனுக்குப் போனது, தவணைக்கு வாங்கிய சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவரும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே கட்டிலில் படுக்க வேண்டி வந்தது. இதை பிரென்னன் தன் குறிப்பில் பதிவு பண்ணியிருக்கார். "வேறு வழி இருக்கலாம்" என்பதற்கு அதுதான் பதில்.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் வர்ற இரண்டு எண்கள். அதிகாரிகள் தப்பு பண்ணுறது எவ்வளவு? ஒரு தரப்பு 3.3 சதவீதம் என்றது. இன்னொரு தரப்பு 58.6 சதவீதம் என்றது. ஒரே துறை, ஒரே ஆவணங்கள். எப்படி இவ்வளவு வித்தியாசம்? 3.3 என்பது எடுத்த எல்லா முடிவுகளிலும் பின்னால் மாறியவை எத்தனை என்ற கணக்கு. 58.6 என்பது மறுபரிசீலனையிலும் தோற்று, அதுக்கு மேலயும் விடாமல் முறையிட்டவர்களின் கணக்கு. அவர்களில் பாதிக்கு மேல் ஜெயித்திருக்கிறார்கள்!

வெறும் எண்ணை வைத்து நியாயத்தை அளக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. சரிதான். முறையிடும்போது புது மருத்துவ ஆதாரம் சேர்க்கலாம், அதனாலும் முடிவு மாறும். ஆனா இன்னொரு பக்கமும் பாருங்க. முறையிடாமல் காகிதத்தை மடிச்சு வெச்சவங்க எல்லாரும் 3.3 கணக்கில் "சரியான முடிவு" பக்கம்தான் போய்ச் சேருவாங்க. என் மாமா மாதிரி.

கதை இங்கே முடியலை. 1980-ல் கார்ட்டர் காலத்தில் வந்த ஒரு சட்டம், உதவி பெறுபவர்களை மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொன்னது. 1982 ஜனவரியில் தொடங்க வேண்டியதை ரீகன் அரசு 1981 மார்ச்சிலேயே தொடங்கியது. அடுத்த மூன்று வருடத்தில் ஏறக்குறைய 4,90,000 பேருக்கு "இனி உங்களுக்குத் தகுதியில்லை" என்று சொன்னார்கள். முறையிட்டு சுமார் 2,00,000 பேர் திரும்ப வாங்கினார்கள்.

அந்தப் பரிசோதனை ராய் பெனவிடெஸையும் விடலை. வியட்நாம் போரில் 1968 மே 2 அன்று, ஆறு மணி நேரம் குண்டு மழைக்கு நடுவே குறைந்தது 8 பேரைக் காப்பாற்றியவர். 1981 பிப்ரவரி 24 அன்று ரீகனே அவர் கழுத்தில் மெடல் ஆஃப் ஹானர் மாட்டினார். ஆமா, எல்ட்ரிஜ் தோற்று சரியா ஐந்து வருஷம் கழிச்சு, அதே தேதி. இரண்டே வருடத்தில், 1983-ல், அதே அரசின் சோஷியல் செக்யூரிட்டி அவருடைய தொகையை நிறுத்தப் பார்த்தது. அவர் உடம்புக்குள் அப்பவும் குண்டுச் சிதறல்கள் இருந்தன. நாடாளுமன்றக் குழு முன்னால் போய்ப் பேசினார். தனக்காக மட்டும் இல்லை, கடிதம் வந்த மற்றவர்களுக்காகவும்.

பல மாநில ஆளுநர்கள் இந்தப் பரிசோதனைகளை நடத்தவே மாட்டோம் என்று நிறுத்தினார்கள். நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன. 1984-ல் புதுச் சட்டம் வந்தது. கீழவையில் 402-0, மேலவையில் 99-0. ஒரு எதிர் ஓட்டுகூட இல்லை! இனி உடல்நிலை உண்மையிலேயே மேம்பட்டிருக்கிறது என்று காட்டினால்தான் நிறுத்த முடியும். 1983-ல் தற்காலிகமாகக் கொண்டுவந்த இன்னொரு ஏற்பாடும் தொடர்ந்தது: விசாரணை முடிகிறவரை பணம் வரணும்னு கேட்கலாம். இன்றும் அங்கே அது இருக்கிறது. முறையிட 60 நாள். பணம் தொடரணும்னா கடிதம் வந்த 10 நாளுக்குள் கேட்கணும். ஆனா கடைசியில் தோற்றால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்ற ஆபத்தும் இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. எல்ட்ரிஜ் நீதிமன்றத்தில் கேட்டதும், எட்டு வருஷம் கழிச்சு நாடாளுமன்றம் கொடுத்ததும் கிட்டத்தட்ட ஒரே விஷயம். "கேட்டு முடிச்சிட்டு நிறுத்துங்க." சட்டக் கல்லூரிகளில் அவர் பெயர் தோற்ற வழக்காகத்தான் இருக்கு. அரசு யாருடைய உரிமையையாவது பறிக்கும்போதெல்லாம் அமெரிக்க நீதிமன்றங்கள் இன்னும் அந்த மூன்று விஷயங்களைத்தான் எடை போடுகின்றன.

இதைப் படிச்சு முடிச்சதும் நம்ம சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பிரிவு 59. சான்றிதழ் கொடுத்த அதிகாரியின் முடிவில் குறை இருந்தால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கான அதிகாரியை மாநில அரசு நியமிக்கும். ஒரே பிரிவு, சில வரிகள்தான். மாமா கேட்ட "யார்கிட்ட போய் நிக்கிறது"க்கு அதில் பதில் இருந்தது. அந்தக் காகிதத்தோட சேர்த்து யாரும் அவருக்கு அதைச் சொல்லலை.

போன வாரம் மாமாவுக்கு போன் பண்ணினேன். "பீரோவுல இருக்கிற அதை எடுத்து வைங்க, ஸ்கேன் ரிப்போர்ட்டும் வேணும்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எடுத்து வெக்கிறேன், நீ ஞாயித்துக்கிழமை வா"ன்னார். போறேன். என்ன ஆச்சுன்னு பின்னால சொல்றேன்.

உங்க வீட்டுலயும் அப்படி மடிச்சு வெச்ச காகிதம் ஒண்ணு இருந்தா, அதில் போட்டிருக்கிற தேதியை ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.