கவுனி அரிசி

செட்டிநாட்டு விருந்துகளில் பரிமாறப்படும் கருப்பு அரிசி இனிப்பு. புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு போன்ற நகரத்தார் ஊர்களில் கல்யாணப் பந்திக்கு உரிய பண்டம். 19ஆம் நூற்றாண்டில் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் வழியாக இது இங்கு வந்தது என்பர்.

ஒரு கப் அரிசியைக் கழுவி, மூன்று கப் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். தண்ணீர் கருஊதாவாகும், அதைக் கொட்டிவிடக் கூடாது, நிறமும் மணமும் அதில்தான் இருக்கின்றன. அந்தத் தண்ணீரிலேயே குக்கரில் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, முக்கால் கப் சர்க்கரை, அரை கப் தேங்காய்த் துருவல், இரண்டு கரண்டி நெய், ஏலப்பொடி சேர்த்துக் கிளற வேண்டும். அரிசி நன்றாக வேகுமுன் சர்க்கரை போட்டால் விறைத்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் மெத்தென்று ஆகாது. இப்போது சிலர் பாலும் முந்திரியும் சேர்க்கிறார்கள். அரிசியின் சொந்த மணத்தை அவை அமுக்கிவிடும். ஆறினால் இறுகும் என்பதால் இளஞ்சூட்டில் பரிமாறுவதே நல்லது.