அரண்மனையில் வாழ்ந்த சிவிங்கிகள்

காட்டு விலங்கைப் பிடித்துப் பழக்கித் தன் முற்றத்தில் நிறுத்தும் ஆசை மனித குலத்துக்கு மிகப் பழையது. யானையும் குதிரையும் உழைப்புக்காகப் பழக்கப்பட்டன. நாய் காவலுக்கும் துணைக்குமாக வந்து சேர்ந்தது. பூனை இனத்துப் பெருவிலங்குகளின் கதை வேறு. புலியும் சிங்கமும் அரசர்தம் பெருமையைப் பறைசாற்றும் பொருட்டுக் கூண்டுகளில் அடைக்கப்பட்டன. அவற்றின் அருகே காவலர் இருந்தனர்; ஆயினும் அவற்றோடு எவரும் வாழ்ந்தார் என்று சொல்வது அரிது. அவ்வினத்துள் மனிதனோடு ஒரே கூரையின் கீழ், சில வேளைகளில் ஒரே கட்டிலிலும், நூற்றாண்டுகள் பலவாக வாழ்ந்த விலங்கு ஒன்று உண்டு. அதுவே சிவிங்கி. இந்திய அரண்மனைகளில் அது வாழ்ந்த வரலாற்றையும், அந்த நெருக்கத்தால் மனிதன் பெற்றதையும் சிவிங்கி இழந்ததையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிவிங்கியைச் சிறுத்தையோடு மயங்குவோர் பலர். சிறுத்தையின் புள்ளிகள் பூப்போலக் கொத்துக் கொத்தாக அமைந்தவை. சிவிங்கியின் புள்ளிகள் தனித்தனியே நிற்பவை. கண்ணின் ஓரத்திலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்த தடம்போல் ஒரு கருங்கோடு இறங்கும். சிறுத்தை மரமேறிப் பதுங்கும். சிவிங்கி திறந்த வெளியில் துரத்திப் பிடிக்கும். நிலத்தில் ஓடும் விலங்குகளுள் இதற்கு நிகரான வேகம் உடையது வேறில்லை. 'சீத்தா' என்னும் வடநாட்டுப் பெயர், புள்ளிகளை உடையது என்னும் பொருள்தரும் வடசொல்லிலிருந்து பிறந்தது.

வேட்டையின் முறை

சிவிங்கியைக் கொண்டு மானை வேட்டையாடும் கலை இந்நாட்டில் நெடுங்காலம் நிலவியது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசத்தில் இவ்வேட்டை பற்றிய செய்தி இடம்பெற்றுள்ளது. பின்னர் வந்த சுல்தான்களும் முகலாயரும் இதனைப் பெருங்கலையாக வளர்த்தனர்.

வேட்டைக்கு ஏற்ற களம் புல்வெளியே. உழவரின் மாட்டு வண்டியைக் கண்டு வெளிமான்கள் மிரள்வதில்லை. ஆகவே, கண்கள் மறைக்கப்பட்ட சிவிங்கியை மாட்டு வண்டியில் ஏற்றி, மந்தையை மெல்ல மெல்ல நெருங்குவர். தக்க தொலைவு வந்ததும் கண்மறைப்பை நீக்கிக் கட்டை அவிழ்ப்பர். சில நூறு கெஜத் தொலைவுக்குள் முடிவு தெரிந்துவிடும். மான் தப்பிவிட்டால் சிவிங்கி மேலும் துரத்தாது, களைத்து அமர்ந்துவிடும். மான் சிக்கினால் அதன் குரல்வளையைக் கவ்விக்கொண்டு கிடக்கும். பாகன் ஓடிச்சென்று மானின் கழுத்தை அறுத்து, மர அகப்பையில் இரத்தத்தைப் பிடித்துச் சிவிங்கிக்குக் கொடுத்து, அதன் கவனத்தைத் திருப்பி இரையை எடுத்துக்கொள்வான். பசித்த வேட்டை விலங்கின் வாயிலிருந்து வெறுங்கையால் இரையை வாங்கிக்கொள்ளும் இச்செயலில், பாகனுக்கும் விலங்குக்கும் இடையே இருந்த நம்பிக்கை முழுவதும் அடங்கியுள்ளது.

அக்பரின் ஈடுபாடு

முகலாயப் பேரரசர் அக்பர் சிறுவராக இருந்தபோது, 1555இல் மாச்சிவாராப் போரையடுத்து அவருக்கு ஒரு சிவிங்கி பரிசாக வந்தது. அதன் பெயர் பதேபாஸ். அதன் பாகன் பெயர் துந்து. ஒரு பாகனின் பெயரையும் அரசவை வரலாறு மறவாது குறித்துவைத்தது என்பதே அவ்விலங்கு பெற்றிருந்த மதிப்புக்குச் சான்று. அன்று தொடங்கிய ஈடுபாடு அக்பரின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அபுல் பசலின் அயினி அக்பரி இதுபற்றி விரிவாகப் பேசுகிறது. சிவிங்கிகள் தரவாரியாக 8 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் வகுப்புச் சிவிங்கிக்கு நாள்தோறும் 5 சேர் இறைச்சி. பழைய முறையில் ஆழமான குழிகளில் விழச்செய்து பிடித்தபோது விலங்கின் கால் முறிவதுண்டு. ஆழம் குறைந்த குழியும் தானே மூடிக்கொள்ளும் கதவும் அமைத்து அக்பர் அதனைத் திருத்தினார். மாதக் கணக்கில் நீண்ட பயிற்சியை 18 நாள்களுக்குள் முடிக்கும் வழியையும் கண்டதாக அந்நூல் கூறுகிறது. 1572இல் சித்ரஞ்சன் என்னும் சிவிங்கி அகன்ற பள்ளம் ஒன்றைத் தாண்டிப் பாய்ந்து மானைப் பிடித்தது. மகிழ்ந்த பேரரசர் அதற்குத் தலைமைப் பதவி அளித்து, அது செல்லும்போது முன்னே முரசறையவும் ஆணையிட்டார்.

கட்டிலும் கம்பளியும்

அரசர்கள் பெற்ற இன்பம் வேட்டைக் களத்தோடு முடிந்தது. சிவிங்கியோடு இரவும் பகலும் வாழ்ந்தவர்கள் பாகர்களே. லாகூர்க் கலைப்பள்ளியின் தலைவராக இருந்தவரும், எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் தந்தையுமான ஜான் லாக்வுட் கிப்ளிங், 1891இல் வெளியிட்ட நூலில் இவ்வாழ்க்கையைக் கண்முன் நிறுத்துகிறார். சிவிங்கிக்கும் கட்டில் உண்டு. பாகனும் விலங்கும் ஒரே கம்பளிக்குள் சுருண்டு உறங்குவதும் உண்டு. புதிதாகப் பிடிபட்ட சிவிங்கி மனிதக் குரலுக்குப் பழகவேண்டும் என்பதற்காகப் பாகனின் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் அதன் அருகே அமர்ந்து நாள்முழுதும் பேசிக்கொண்டிருப்பார்களாம். கடைவீதியில் கயிற்றைப் பிடித்தபடி அதனை நடத்திச் செல்வதும் பயிற்சியின் பகுதியே. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் கொடுவிலங்கு ஒன்றை வைத்துப் பழக்கிய குடும்பங்கள் இந்நாட்டில் இருந்தன என்பது வியப்புக்குரியது.

ஆபத்து யாருக்கு?

இத்துணை நெருக்கத்தில் ஆபத்து இல்லையா என்னும் வினா இயல்பாக எழும். கூண்டுப் புலியின் நிலையை முதலில் காண்போம். 1799 மே மாதம் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் அரண்மனைப் புலிகள் உணவும் பராமரிப்பும் இன்றித் தவித்தன. அவை மூர்க்கம் கொள்வதைக் கண்ட ஆர்தர் வெல்லெஸ்லி, எவரேனும் அவற்றைக் கொண்டுசெல்லாவிடில் சுட்டுவிட நேரும் என்று எழுதினார். திப்புவின் சிவிங்கிகளுக்கு வேறு விதி காத்திருந்தது. அவற்றுட் சில, பாகர்களோடு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பரிசாக அனுப்பப்பட்டன.

அதற்கும் முன்னரே சென்னைக்கு இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. 1755 முதல் 1763 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிகட், தாயகம் திரும்பியபின் அதே மன்னருக்கு ஒரு சிவிங்கியைப் பரிசளித்தார். 1764இல் விண்ட்சர்ப் பூங்காவில் வலை கட்டிய களத்தினுள் ஒரு கலைமான் மீது அதனை ஏவினர். வெளிமானைத் துரத்திப் பழகிய சிவிங்கியைப் பெரிய கொம்புகளையுடைய அம்மான் எதிர்த்து உதறியது. மனம் மாறிய சிவிங்கி வலையைத் தாண்டிச் சென்று வேறொரு மானைக் கொன்றது. அச்சிவிங்கியையும் அதன் இந்தியப் பாகர் இருவரையும் ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் தீட்டிய ஓவியம் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் உள்ளது. அந்நிய மண்ணில், கூட்டம் சூழ்ந்த ஆரவாரத்தில், அவிழ்த்துவிடப்பட்ட நிலையிலும் அது மனிதர்மேல் பாயவில்லை என்பது கருதத்தக்கது.

இந்தியாவில் சிவிங்கியால் மனிதர் உயிரிழந்ததாகப் பதிவானது ஒரே ஒரு நிகழ்ச்சி. 1880இல் விசாகப்பட்டினத்தில் ஆளுநரின் முகவராக இருந்த ஓ. பி. இர்வின், வேட்டையின்போது விஜயநகரம் அரசருக்குரிய பழக்கப்பட்ட சிவிங்கி தாக்கியதால் இறந்தார். ஆயிரக்கணக்கான சிவிங்கிகள் பல நூற்றாண்டுகள் மனிதரிடையே வாழ்ந்த நாட்டில் இஃது ஒன்றே. ஆகவே மனிதனுக்கு நேர்ந்த ஆபத்து மிகச் சிறிது. விலங்குக்கு நேர்ந்ததோ வேறு.

கழுத்துப்பட்டை நழுவியபோது

குட்டியாக எடுத்து வளர்த்த சிவிங்கி நல்ல வேட்டைக்கு உதவாது என்பது பாகர்களின் அனுபவம். வேட்டையைத் தாய்தான் கற்பிக்க வேண்டும். எனவே தாயிடம் கற்றுத் தேர்ந்த, இனப்பெருக்க வயதை எட்டிய விலங்குகளையே காட்டிலிருந்து பிடித்தனர். அரண்மனைக்கு வந்தபின் அவை குட்டி ஈனவில்லை.

இதனை ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் தெளிவாக எழுதியுள்ளார். தம் தந்தை ஒரு காலத்தில் 1,000 சிவிங்கிகளைத் திரட்டியிருந்தார் என்றும், அவை இணைசேர வேண்டுமென்று பெரிதும் விரும்பினார் என்றும், ஆணையும் பெண்ணையும் தோட்டங்களில் ஒன்றாக விட்டும் பயன் கிட்டவில்லை என்றும் அவர் கூறுகிறார். பின்னர், 1613ஆம் ஆண்டளவில், ஓர் ஆண் சிவிங்கி தன் கழுத்துப்பட்டையிலிருந்து நழுவிச் சென்று தானாகவே பெண்ணைச் சேர்ந்தது. 3 குட்டிகள் பிறந்தன. அரும்செய்தியாக எண்ணிப் பேரரசர் அதனைக் குறித்துவைத்தார். சிறைப்பட்ட சிவிங்கி மீண்டும் குட்டி ஈன்றதாக அறியப்படுவது 1956இல், அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்குக்காட்சிச் சாலையில். இடைப்பட்டவை 343 ஆண்டுகள்.

காரணம் இன்று ஓரளவு விளங்கியுள்ளது. பெண் சிவிங்கி தனித்துத் திரிவது. ஆணும் பெண்ணும் எந்நேரமும் அருகருகே கட்டுண்டு கிடந்தால் அவற்றிடையே நாட்டம் எழுவதில்லை. பெண்ணைத் தனியே வாழவிட்டு, உரிய காலத்தில் ஆண்களை அணுகவிடும் விலங்குச் சாலைகளே வெற்றி கண்டன. பேரரசர் பொன்னும் இறைச்சியும் பதவியும் முரசும் கொடுத்தார். சிவிங்கிக்கு வேண்டியிருந்த தனிமையை மட்டும் அந்த அரண்மனையால் கொடுக்க இயலவில்லை.

வற்றிய ஊற்று

அரண்மனையில் இறந்த ஒவ்வொரு சிவிங்கிக்கும் ஈடாகக் காட்டிலிருந்து மற்றொன்று வரவேண்டியிருந்தது. இவ்வாறு காடு தலைமுறை தலைமுறையாகத் தன் தாய் விலங்குகளை இழந்தது. புல்வெளிகள் வயல்களாயின, வெளிமான் மந்தைகள் குறைந்தன, ஆங்கிலேயர் ஆட்சியில் துப்பாக்கி வேட்டையும் கொடுவிலங்கு ஒழிப்பும் சேர்ந்தன. 1918க்கும் 1945க்கும் இடையே சமஸ்தானத்து மன்னர்கள் ஏறத்தாழ 200 சிவிங்கிகளை ஆப்பிரிக்காவிலிருந்து வாங்க நேர்ந்தது. பிடிப்பதற்கு இந்நாட்டில் சிவிங்கி இல்லாத நிலையிலும், கோல்ஹாப்பூர், பவநகர் போன்ற அரண்மனைகளில் வேட்டை நின்றபாடில்லை. 1947இல் கொரியா சமஸ்தான மன்னர் ஓரிரவில் சுட்ட மூன்று ஆண் சிவிங்கிகளே இந்தியாவின் கடைசிச் சிவிங்கிகளாகப் பேசப்படுகின்றன. 1952இல் அரசு அதனை அற்றுப்போன இனமாக அறிவித்தது. ஆசியச் சிவிங்கி இன்று ஈரானில் மட்டும் மிகச் சிலவாக எஞ்சியுள்ளது.

மனிதனைக் கொல்லும் புலி இந்நாட்டில் இன்னும் வாழ்கிறது. மனிதனோடு உறங்கிய சிவிங்கி அழிந்தது. புலியின் மூர்க்கம் அதனை மனிதனின் முற்றத்திலிருந்து விலக்கிவைத்தது. சிவிங்கியின் சாந்தமோ அதனை ஆயிரம் ஆயிரமாகக் கட்டிலுக்கும் கயிற்றுக்கும் கொண்டுவந்து சேர்த்தது. பாகனின் அன்பு பொய்யன்று. ஆனால் அந்த அன்பு ஒரு விலங்கைக் காத்த வேளையில் அதன் குலம் வேரற்றுக்கொண்டிருந்தது.

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகளும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 சிவிங்கிகளும் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. 2023 மார்ச்சில் அங்கே 4 குட்டிகள் பிறந்தன. அவற்றுள் மூன்று அவ்வாண்டின் கோடையைத் தாங்காது மடிந்தன. வந்த சிவிங்கிகளின் கழுத்திலும் பட்டை உண்டு; அவை திரியும் இடத்தை அறிவிக்கும் வானொலிப் பட்டை அது. 2023 மழைக்காலத்தில் அப்பட்டையின் அடியில் உண்டான புண்ணே சில சிவிங்கிகளின் இறப்புக்குக் காரணம் என வல்லுநர் சிலர் கருதியதும், பட்டைகள் கழற்றப்பட்டன. எவ்வளவு அருகில் நின்றால் காக்கலாம், எவ்வளவு விலகி நின்றால் வாழவிடலாம் என்னும் அளவை நாம் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பாடத்தின் முதல் வரி, 1613ஆம் ஆண்டளவில் ஜஹாங்கீரின் அரண்மனையில் நழுவிய கழுத்துப்பட்டையிலேயே எழுதப்பட்டுவிட்டது.